சிங்கப்பூர் நேரம்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு வெள்ளிக்கிழமை பிறந்துவிடும். ரெட்டியார்சத்திரத்தில் மற்ற வீடுகளுக்கெல்லாம் சூரியன் ஒழுங்காகத்தான் உதித்து அஸ்தமித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலும், உள்ளதைச் சொன்னால், ஓர் உள்ளங்கைப் பெட்டிக்குள் மட்டும்தான் இந்தக் கோளாறு. வருஷம் 2001.

அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவுக்குத் தைலம், அப்பாவுக்குக் குடை, எனக்குச் சட்டைத் துணி. தம்பிக்கு மட்டும் கேம்பாய் கலர் என்ற விளையாட்டுப் பெட்டி ஒன்று. பென்டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டை இரண்டு போட்டால் ஓடும். அதில் சொருகுவதற்கு வெள்ளி நிறத்தில் மின்னுகிற ஒரே ஒரு கேசட். அதன் பெயரும் போக்கிமான் சில்வர்.

போக்கிமான் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு பையன் காடு மேடெல்லாம் சுற்றி விதம் விதமான பிராணிகளை உருண்டைகளுக்குள் பிடிக்கிறான், பழக்குகிறான், பிறர் வளர்க்கிற பிராணிகளோடு மோத விடுகிறான். கிட்டத்தட்ட நம் ஊர்ச் சேவல்கட்டுதான். ரத்தம் மட்டும் கிடையாது. இதைக் கற்பனை செய்த சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிடா என்ற ஊரில் சிறுவயதில் வண்டு பிடித்துத் திரிந்தவர். முதல் ஆட்டம் ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வந்தது. அதில் 151 பிராணிகள். இரண்டாவது தலைமுறை 1999 நவம்பரில் 'கோல்டு', 'சில்வர்' என்று இரட்டையாக வந்தது. புதிதாக நூறு சேர்ந்து மொத்தம் 251. ஆங்கிலப் பதிப்பு 2000-ஆம் வருஷக் கடைசியில் வெளியாகி, ஆறேழு மாதத்தில் பழனி ரோட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

நாற்பது தாண்டிய கதாசிரியன் இதைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் படித்த நல்ல நாவல்கள் சிலவற்றைவிட இந்தக் கேசட் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

கோளாறுக்கு வருகிறேன். ஆட்டத்தைத் தொடங்கியவுடன் யாரோ தூக்கக் கலக்கத்தோடு 'மணி என்ன?' என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆட்டத்திலுள்ள அம்மா 'இன்றைக்கு என்ன கிழமை?' என்பாள். அப்போது நாம் சொல்வதை வைத்துக்கொண்டு கேசட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பெட்டியை அணைத்தாலும் ஓடும். அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் ஓடும். மாமாவின் மகன் அதைச் சிங்கப்பூரிலேயே பிரித்து, இரண்டு நாள் ஆடிப் பார்த்த பிறகுதான் கொடுத்தனுப்பியிருந்தான். அவன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் என்ன காட்டியதோ அதைச் சொல்லியிருந்தான். நமக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி வித்தியாசம். விஷயம் எங்களுக்குப் புரிந்தபோது தம்பி இரண்டு பதக்கங்கள் ஜெயித்திருந்தான். ஒரு கேசட்டில் ஒரு ஆட்டம்தான் பதிவாகும். நேரத்தைத் திருத்த வேண்டுமென்றால், நாங்கள் அறிந்த மட்டில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தம்பி சம்மதிப்பானா?

இந்தக் கடிகாரம்தான் இரண்டாம் தலைமுறையின் பெரிய புதுமை என்பது என் அபிப்பிராயம். முதல் ஆட்டத்தில் எப்போதும் நடுப்பகல். நாம் வந்தால் உலகம் அசையும். போனால் அப்படியே நிற்கும். இதிலோ காலை நாலு மணிக்கு விடியும், பத்துக்குப் பகலாகும், மாலை ஆறுக்கு இருட்டும். இருட்டில் ஒற்றைக் காலில் நிற்கிற ஹூட்ஹூட் என்ற ஆந்தை வரும். காலையில் லெடிபா என்ற வண்டு வரும். ஒன்றின் நேரத்தில் மற்றொன்று தலை காட்டாது. ஒரு குகைக்குள் வெள்ளிக்கிழமை மட்டும் லாப்ராஸ் என்ற நீர்ப்பிராணி வந்து நிற்கும். பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி. இன்ன கிழமையில் இன்ன இடத்தில் என்று, கிழமைக்கு ஒருவராகக் காத்து நின்று ஏதாவது பரிசு கொடுக்கிற அண்ணன் தங்கைகள் ஏழு பேர் உண்டு. சந்தை கூடும் நாளை வைத்தே கிழமை சொல்லுகிற மனிதர்கள் நடுவில் வளர்ந்த எனக்கு இது வெகு இயற்கையாகப் பட்டது. நாம் இல்லாதபோதும் ஓர் ஊர் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் ஓர் ஊரை நிஜமாக்குகிறது. கதை எழுதுகிறவனுக்கு இந்த ரகசியம் பிடிபடச் சில வருஷங்கள் ஆகும்.

வியாழக்கிழமை ராத்திரி தம்பி தூங்க மாட்டான். அப்பா கடையைச் சாத்திவிட்டு ஒன்பது மணிக்கு வருவார். சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் ஒன்பதரை ஆகும். "வெள்ளிக்கிழமை ஆயிருச்சுண்ணே!" என்று பாயிலிருந்து குதிப்பான். "என்னடா உளறுறான்?" என்பார் அப்பா. பெட்டியின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. குழல்விளக்கின் அடியில் போய்ச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு லாப்ராஸைத் தேடிப் போவான்.

ரசிக்க இன்னும் பல சமாசாரங்கள் உண்டு. கர்ட் என்று ஒரு கிழவர். மரங்களில் ஒரு நாளைக்கு ஒரு தடவை காய்க்கிற ஏப்ரிகார்ன் காயைப் பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தால், அதைக் குடைந்து பிராணி பிடிக்கிற உருண்டை செய்து தருவார். 'நாளைக்கு வா' என்பார். நம் தையற்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வித்தியாசம், கர்ட் மறுநாள் நிஜமாகவே கொடுத்துவிடுவார். திண்டுக்கல் பூட்டுக் கடைகளில் அரத்தை வைத்துக்கொண்டு தலை நிமிராமல் ராவுகிற பெரியவர்களைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் எனக்கு வரும். ஆட்டத்து அம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. ஜெயிக்கிற பணத்தில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு, அதிலேயே பொம்மையும் மருந்தும் வாங்கிவிட்டுப் போன் பண்ணிச் சொல்லுவாள். எங்கள் அம்மாவுக்கு இதைப் படித்துச் சொன்னேன். "பிள்ளைக்குத்தானே வாங்குறா?" என்று அந்த ஜப்பான்காரியின் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

போன் என்றேனே, அதுவும் புதுசு. வழியில் சண்டை போட்டவர்கள் நம்பர் கொடுத்து, பிறகு கூப்பிட்டுப் பேசுவார்கள். ஜோயி என்ற பொடியன் தன் எலியின் பெருமையை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்க மாட்டான். எங்கள் வீட்டில் அப்போது டெலிபோன் கிடையாது. மாமாவோடு பேச வேண்டுமானால் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் காத்திருப்போம். ஆக, குடும்பத்தில் முதல் முதலாகப் போன் வைத்திருந்தவன் பன்னிரண்டு வயசுத் தம்பிதான்.

முட்டையைச் சொல்லாமல் விட முடியாது. ஓர் ஊரின் எல்லையில் பிராணிகளை வளர்த்துக் கொடுக்கிற கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். ஜோடி சேருகிற இரண்டை அங்கே விட்டுவிட்டுப் போனால், சில நாளில் ஒரு முட்டை கிடைக்கும். எப்படி வந்தது என்று கிழவருக்கே தெரியாது. அந்த முட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இத்தனை அடி என்று கணக்கு. கணக்கு முடிந்தால் பொரியும். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் போட்டு, இலை வைத்து, முட்டையிட்டதா என்று மணிக்கொரு தடவை திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! என் பொன்வண்டுகள் இட்ட முட்டைகள் ஒன்றுகூடப் பொரிந்ததில்லை. அந்தக் குறையைத் தஜிரியின் கூட்டம்தான் தீர்த்து வைத்தது. தை மாதத்தில் எங்கள் வாசலைத் தாண்டிப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்தபடியே பெட்டிக்குள் முட்டையைச் சுமந்து நடந்திருக்கிறேன். கூச்சமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. போக்கிமான் ஆட்டத்திலும் ஊருக்கு ஊர் ஒரு சத்திரம். அடிபட்ட பிராணிகளைக் காசு வாங்காமல் குணப்படுத்தி அனுப்புவார்கள். இது முதல் ஆட்டத்திலேயே உண்டு. இரண்டாவதில் அதற்கு ஒரு மாடி கட்டினார்கள். அங்கே கம்பி வழியாக இன்னொரு பெட்டிக்காரரோடு பிராணிகளை மாற்றிக்கொள்ளலாம். 1996-ஆம் வருஷத்துப் பழைய ஆட்டத்துக்கும் அனுப்பலாம், வாங்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த நூறில் ஒன்றை அனுப்பப் போனால் மறுத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் அது இல்லையே! இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உபயோகப்படுத்தத்தான் வழியில்லை. ரெட்டியார்சத்திரத்தில் வேறு யாரிடமும் அந்தப் பெட்டி இருந்ததாக எங்களுக்குத் தெரியாது. மாடி ஏறிப் பார்ப்போம், மூன்று பணிப்பெண்கள் நிற்பார்கள், இறங்கி வந்துவிடுவோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறபோது கப்பலும் ரயிலும் பழைய ஆட்டத்தின் தேசத்துக்கே கொண்டுபோய்விடுகிற சாமர்த்தியத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இவ்வளவும் அடங்குவதற்காகப் படங்களைச் சுருக்குகிற கருவிகளைச் செய்து உதவியவர் சடோரு இவாடா. 2002-இல் நிண்டெண்டோவின் தலைவரானார், 2015-இல் காலமானார். இருட்டு, எஃகு என்று இரண்டு புதுக் குலங்களைச் சேர்த்து, முதல் ஆட்டத்தில் அட்டகாசம் பண்ணிய மனோசக்திக் குலத்தை அடக்கியதும் கெட்டிக்காரத்தனமே. சண்டையில் சிரத்தை உள்ளவர்கள் அதைச் சொல்லட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது ஈவியைப் பற்றி.

ஈவி நரிக்குட்டி மாதிரி ஒரு பிராணி. பெரிய ஊர் ஒன்றில் பில் என்பவன் வளர்க்கச் சொல்லிக் கொடுப்பான். அதற்கு நம்மேல் பாசம் பிறக்க வேண்டும் என்பது இரண்டாம் தலைமுறை கொண்டுவந்த விதி. பாசத்துக்கு ஓர் எண் உண்டு. ஆனால் திரையில் தெரியாது. ஒரு வீட்டிலுள்ள பெண் நம் பிராணியைப் பார்த்து வாயால் சொல்லுவாள், அவ்வளவுதான். கூட அழைத்துக்கொண்டு நடந்தால் கூடும். முடி வெட்டிவிட்டால் கூடும். கசப்பு மருந்து கொடுத்தால் குறையும். அந்த எண் 220-ஐத் தொட்ட பிறகு, அடுத்த படி ஏறும்போது ஈவி உருமாறும். அது பகலாக இருந்தால் எஸ்பியன். இரவாக இருந்தால் அம்ப்ரியன். அம்ப்ரியன் கறுப்பு. எஸ்பியன் நெற்றியில் சிவப்புக் கல் பதித்த வெளிர் ஊதா.

தம்பிக்கு வேண்டியது எஸ்பியன். அவன் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வீட்டுக்கு வந்தால், பெட்டிக்குள் சிங்கப்பூர்க் கணக்கில் மணி ஏழு. கும்மிருட்டு. காலையில் பெட்டியைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. பகல் முழுவதும் வீட்டில் இருந்தவன் நான்தான். இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய்விட்டு, பரீட்சையும் ஒழுங்காக எழுதாமல், பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தேன். வயசு இருபது. கடைக்கு வந்து நில் என்று அப்பா சொல்லவில்லை, சொல்லாமலிருந்ததுதான் உறுத்திற்று.

"அண்ணே, நீ சும்மாத்தானே இருக்கே. பகல்ல ஈவியைக் கூட்டிட்டு நடண்ணே" என்றான் தம்பி. குத்திக் காட்டவில்லை. ஊரில் மற்றவர்கள் 'தம்பி இப்ப என்ன பண்ணுறீக?' என்று மரியாதையாகக் கேட்டார்களே, அதுதான் குத்தல். இவன் எனக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தான்.

நிபந்தனையும் போட்டான். நடக்க மட்டும்தான் வேண்டும். சண்டையில் இறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் அவனே சண்டைக்கு விட்டு, அவனே மாற்றுவான். நான் சரி என்றேன். மூன்று வாரம் நடந்தேன். காலை எட்டரைக்குத் தம்பி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், திண்ணையில் சாய்ந்து ஆரம்பிப்பேன். அதே தெருவில் மேலும் கீழும், மேலும் கீழும். அந்தப் பெண்ணிடம் போய் நிற்பேன். அவள் வார்த்தை நாளுக்கு நாள் கனிந்துகொண்டே வந்தது. வெகு காலமாக என்னைப் பற்றி யாரும் அப்படி நல்ல வார்த்தை சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். புல்லுக்குள் கால் வைத்துவிட்டேன். ஏதோ ஓர் அற்பப் பிராணி எதிர்ப்பட்டது. ஓடி வந்திருக்கலாம். அலுப்பில் ஈவியை விட்டு அடித்தேன். அது படி ஏறிற்று. திரை வெளுத்து, சங்கீதம் மாறி, ஈவி உருக்குலைய ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உருமாறிக்கொண்டிருக்கும்போது 'பி' என்ற பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். பிறகு அடுத்த படியில் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் பாக்கி. இது எனக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. நான் அமுக்கவில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது. நான் வளர்த்தது என்ற எண்ணமும் இருந்தது.

சாயந்திரம் தம்பி வந்து பெட்டியை வாங்கிப் பார்த்தான். அழுவான், சண்டை போடுவான் என்று தயாராக இருந்தேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்றான். பிறகு, "எப்படி மாறுச்சு? சொல்லு" என்றான். சொன்னேன். வெளிச்சம் வந்ததைச் சொன்னேன், சங்கீதத்தை வாயாலேயே ஊதிக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். இரண்டாம் தடவை கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். எதிர்த்து வந்தது அற்பப் பிராணி இல்லை என்று ஆக்கிவிட்டேன். படுக்கப் போகுமுன் மூன்றாம் தடவை. அந்த வருஷக் கடைசியில்தான் என் முதல் கதையை எழுதினேன்.

2002-இல் மூன்றாம் தலைமுறை வந்தபோது கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருட்டை எடுத்துவிட்டார்கள். கிழமைகளும் போயின. பழைய பிராணிகளைப் புது ஆட்டத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. நாலாம் தலைமுறையில், 2006-இல், ராத்திரி திரும்பி வந்தது. 2009-இல் கோல்டையும் சில்வரையும் புதுப்பித்து வெளியிட்டார்கள். நாங்கள் அதையெல்லாம் பின்தொடரவில்லை. தம்பி பன்னிரண்டாவது, என்ஜினீயரிங் என்று போனான். கடைசியாக 2005-இல் அந்தப் பெட்டியைப் போட்டுப் பார்த்ததாக ஞாபகம். 2012-இல் அவனும் சிங்கப்பூருக்கே வேலைக்குப் போனான்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது அலமாரியிலிருந்து அது கிடைத்தது. புது பேட்டரிக் கட்டை வாங்கிப் போட்டேன். சங்கீதம் பழையபடியே வந்தது. ஆனால் 'தொடர்க' என்ற வரியைக் காணோம். 'புது ஆட்டம்' மட்டும் இருந்தது.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்டிக்குப் போடுகிற கட்டை வேறு. கேசட்டுக்குள்ளேயே காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். பதிந்த ஆட்டத்தைக் காப்பது அதுதான். கடிகாரத்தை ஓட்டுவதும் அதுதான். முதல் ஆட்டத்துக் கேசட்டில் கடிகாரம் இல்லை. ஆகவே பேட்டரி அதிக காலம் தாங்கும். கோல்டிலும் சில்வரிலும் கடிகாரம் அலமாரிக்குள் இருட்டிலும் ஓடிக்கொண்டே இருந்து, தன்னோடு சேர்த்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. எட்டு வருஷம் திறந்து பார்க்காதவன் நான்.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. போனில் பேசுகிறபோதெல்லாம் சொல்ல நினைத்து, மழை பெய்ததா என்பதைப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதிலும் பத்து வருஷம் ஓடிற்று.

2024 பொங்கலுக்கு மனைவி, மகனோடு வந்திருந்தான். மகனுக்கு ஏழு வயசு. "அண்ணே, அந்தப் பெட்டி இருக்கா?" என்று கேட்டான்.

சொன்னேன்.

"எஸ்பியன்?"

"அதுவும்தான்."

பேசாமல் இருந்தான். பிறகு மகனைப் பார்த்து, "அது மாறினப்போ நான் பார்க்கலைடா. பெரியப்பாதான் பார்த்தாக. கேளு, சொல்லுவாக" என்றான். நாலாம் தடவையாகச் சொன்னேன். அற்பப் பிராணியை அற்பப் பிராணி என்றே சொன்னேன்.

மறுநாள் திண்டுக்கல்லுக்குக் கொண்டு போனோம். கேசட்டின் திருகாணிக்கு எந்தத் திருப்புளியும் பொருந்தவில்லை. பூட்டு ஊரில் அதற்கா பஞ்சம்? ஒரு பெரியவர் திருகாணியை உற்றுப் பார்த்துவிட்டு, பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை அரத்தால் ராவி, அரை மணியில் ஒரு சாவி மாதிரி செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. கடிகாரக் கடைக்காரர் புது பேட்டரியைப் பற்றவைத்தார்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பையனே போட்டான். இருட்டுக்குள்ளிருந்து கேள்வி வந்தது. பையன் நிமிர்ந்து, "மணி என்ன, பெரியப்பா?" என்றான். சுவரில் மூன்றே முக்கால்.

"சிங்கப்பூர்ல இப்ப ஆறேகால்" என்றான் தம்பி.

பையன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். அவனுக்கு அடுத்த வாரம் அங்கே பள்ளிக்கூடம். ஆறேகால் என்று வைத்தான். பெட்டிக்குள் ராத்திரியாகிவிட்டது. ரோட்டில் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.